மயிலாக முடியாதவன்

கடைசி டிஸ்க்கை வாடகைக்கு எடுத்த அன்று எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு முறை கரண்ட் போய் வந்திருந்தது. 2003 ஏப்ரல். தண்ணீர்த் திருவிழா முடிந்து, தெருவெல்லாம் ஈரம் காய்ந்து, ரங்கூன் மறுபடி வெயிலுக்குத் திரும்பியிருந்த வாரம். பள்ளி விடுமுறை. எனக்குப் பத்து வயது. டிஜிமோன் தொடரின் 54 எபிசோடில் 51ஐப் பார்த்து முடித்திருந்தேன். ஒரு விசிடியில் மூன்று எபிசோடு அடங்கும். ஆக, 18ஆவது டிஸ்க் கையில். இரவு ஒன்பது மணிக்குள் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

நாங்கள் பார்த்த விசிடியில் பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஓடிய எழுத்து சீனம். எனக்கு இரண்டும் தெரியாது. மேல்மாடிச் சீன வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். பதினான்கு வயது. பர்மாவில் அக்காவை 'அமா' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அமா சீன எழுத்தைப் படித்துப் பர்மிய மொழியில் எனக்குச் சொல்வாள். நான் அதைத் தமிழாக்கி என் பாட்டிக்கு, ஆயாவுக்கு, சொல்வேன். ஆயாவுக்குச் சந்தையில் பேரம் பேசப் போதுமான பர்மிய மொழி நன்றாகவே வரும். ஆனாலும் கதை என்றால் தமிழில்தான் கேட்பாள். ஜப்பானில் கிளம்பும் ஒரு வசனம் மூன்று ஆறு தாண்டித்தான் ஆயாவின் பாய்க்கு வந்து சேரும். வழியில் எவ்வளவு கரைந்ததோ தெரியாது. வந்து சேர்ந்தவரையில் ஆயா அதை ரசித்துக் கேட்டாள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டோயி அனிமேஷன் தயாரித்தது, ஹிரோயுகி ககுடோ இயக்கியது. ஜப்பானில் ஃபுஜி டிவியில் 1999 மார்ச் 7இல் தொடங்கி 2000 மார்ச் 26இல் முடிந்தது. கோடை முகாமுக்குப் போன ஏழு பிள்ளைகள் ஆகஸ்ட் முதல் தேதி வேறோர் உலகத்துக்குள் இழுக்கப்படுகிறார்கள். எட்டாவதாக ஒரு பெண் பின்னால் சேர்கிறாள். ஒவ்வொருவருக்கும் ஒரு டிஜிமோன் துணை. ஆபத்து நேரத்தில் அது பெரிய உரு எடுக்கும். அப்போது திரையில் 'ஷிங்கா' என்று கத்துவார்கள். பரிணாமம் என்று அதற்கு அர்த்தம். நாங்கள் அர்த்தம் தெரியாமலே மொட்டை மாடியில் நின்று 'ஷிங்கா' என்று கத்தியிருக்கிறோம்.

இந்தத் தொடரில் வில்லன்கள் சாகும் விதம் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. என்னை முதலில் பிடித்து ஆட்டியது டெவிமோனின் முடிவு. 13ஆவது எபிசோடு. அதுவரைக்கும் ஏழு துணைகளில் பதாமோன் மட்டும் உரு மாறாமல் இருந்தது. அதன் கூட்டாளி தக்கேருதான் ஏழு பேரில் சின்னவன். எல்லோரும் அடி வாங்கி விழுந்து கிடக்கையில், டெவிமோனின் ராட்சசக் கை அந்தச் சின்னப் பையனைப் பிடிக்க நீள்கிறது. அப்போது பதாமோன் ஏஞ்சமோனாகிறது. ஆறு சிறகு, கையில் கோல், முகத்தை மறைத்த கவசம். இனி வெற்றிதான் என்று நாங்கள் குதித்தோம். ஆனால் டெவிமோனை அழிக்க ஏஞ்சமோன் தன் முழுச் சக்தியையும் ஒரே அடியில் கொட்ட வேண்டியிருந்தது. கொட்டியது. டெவிமோனும் அழிந்தான், ஏஞ்சமோனும் இறகாக உதிர்ந்துபோனது. மிஞ்சியது ஒரு முட்டை. தக்கேரு அந்த முட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஜெயித்த நாளில் அழவேண்டி வரும் என்று எனக்கு அதற்கு முன் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆயா அன்று என் தலையைத் தடவி, "முட்டைதானேடா, பொரிச்சு வரும், இரு" என்றாள். அவள் சொன்னபடியே பொரித்து வந்தது.

வாம்டேமோன் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. டோக்கியோவின் ஒடைபா பகுதியைப் பனிமூட்டத்தால் அடைத்து ஊரையே சிறை வைத்தவன். எட்டாவதாகச் சேர்ந்த ஹிகாரியையும் அவள் துணை டெயில்மோனையும் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து விசார்மோன் உயிரை விட்ட காட்சி எனக்கு இன்றும் கனக்கும். பிறகு டெயில்மோன் உரு மாறிய ஏஞ்சவோமோனின் அம்பு வாம்டேமோனைச் சாய்த்தது. செத்தவன் இன்னும் பெரிய மிருகமாக எழுந்து வந்ததும், அவனைப் பிள்ளைகளின் துணைகளான வார்கிரேமோனும் மெட்டல்கருருமோனும் முடித்ததும் இருக்கட்டும். அவனுக்குப் பின் வந்த வில்லன்கள் இருள் தலைவர்கள் நால்வர், அவர்களில் பியேமோன் கோமாளி வேஷக்காரன். பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சின்னப் பொம்மையாக்கி வைத்துக்கொண்டவன். 18ஆவது டிஸ்க் அவன் முடிவில்தான் தொடங்கும். ஹோலி ஏஞ்சமோன் வானத்தில் ஒரு வட்டக் கதவைத் திறக்க, பியேமோன் அதற்குள் இழுபட்டுப் போகிறான். கதவு சாத்திக்கொள்கிறது.

நால்வரும் முடிந்தார்கள், கதையும் முடிந்தது என்றுதான் நினைத்தோம். அப்போது தரை கிழிந்து, பிள்ளைகள் ஒன்றுமே இல்லாத ஓர் இருட்டுக்குள் விழுகிறார்கள். அங்கே பன்னிரண்டு பட்டை கொண்ட பிரம்மாண்டமான ஓர் உருண்டை. அதிலிருந்து நீளும் நகங்கள். உச்சியில் இடுப்பு வரை மனிதனைப் போன்ற ஓர் உருவம். அப்போகாலிமோன். அவன் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தான்.

கரண்ட் போய்விட்டது.

ரங்கூனில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. தெரு முழுக்க ஒரே நேரத்தில் 'ச்ச' என்று ஒரு சத்தம். பிறகு மெழுகுவத்தி வெளிச்சம் ஒவ்வொரு ஜன்னலாகப் பூக்கும். அன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க் பெட்டிக்குள்ளே மாட்டிக்கொண்டது. அமா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஆயா விசிறியை எடுத்துக்கொண்டு, "அவன் யாரு? எல்லாத்துக்கும் மேல உள்ளவனா?" என்றாள். ஆமாம் ஆயா, கடைசி வில்லன் என்றேன். "அப்ப அதுதான் சூரன்" என்றாள்.

அந்த இருட்டில் ஆயா சூரசம்ஹாரம் சொன்னாள். நான் அதை அமாவுக்குப் பர்மிய மொழியில் மாற்றிச் சொன்னேன். முதல் தடவையாக ஆறு எதிர்ப்பக்கம் ஓடியது. யானை முகத்துத் தாரகன் முதலில் விழுந்தான். பிறகு சிங்கமுகன். கடைசியில் சூரபத்மன். அவன் ஓர் உருவில் நிற்கவில்லை, மாறிக்கொண்டே இருந்தான். ("உன் டிஜிமோன் மாதிரிதான்" என்றாள் ஆயா.) கடைசியில் நடுக்கடலில் மாமரமாகப் போய் நின்றான். முருகன் வேலை விட்டார். மரம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் மாறிச் சண்டைக்கு வந்தன. முருகன் பார்த்த பார்வையில் இரண்டும் அடங்கின. மயில் வாகனமானது, சேவல் கொடியில் ஏறியது. "கொல்லலை, பாத்துக்க. கூட வச்சுக்கிட்டாரு" என்று ஆயா முடித்தாள். அமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா கோயில்ல சாமியோட சேத்து அவனையும்தான் கும்பிடுறீங்களா?" என்று கேட்டாள். நான் அதை ஆயாவிடம் சொன்னதும் ஆயா சிரித்து, "கெட்டிக்காரப் பொண்ணு" என்றாள்.

எட்டு இருபது இருக்கும். கீழே எங்கோ ஒரு குழந்தை "மீ லாபி!" என்று கத்த, தெரு முழுக்க அதே சத்தம். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் விசிடி பிளேயர் கரண்ட் போய் வந்தால் டிஸ்க்கை முதலிலிருந்துதான் ஓட்டும். பியேமோன் மறுபடி வந்தான். மணியைப் பார்த்தோம். வேகமாக ஓட்டினோம். அப்போகாலிமோன் வந்தான், வாயைத் திறந்தான், இன்னும் ஓட்டினோம். அவன் பேசிய பேச்சு முழுக்க எங்கள் விரலுக்கடியில் கோடு கோடாக நெளிந்து ஓடிப்போனது. சண்டை தொடங்கும் இடத்தில்தான் விரலை எடுத்தோம்.

அந்தச் சண்டையை இன்றைக்கும் காட்சி காட்சியாகச் சொல்ல முடியும். அவன் நகங்கள் ஒவ்வொன்றாக உரு மாறி, முன்பு செத்த எதிரிகளின் ஆயுதங்களை வீசுகின்றன. பிள்ளைகள் யாரையெல்லாம் ஜெயித்தார்களோ அவர்கள் அத்தனை பேரும் அவனுக்குள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கழுத்தில் தொங்கிய சின்னங்களைப் பறித்து நொறுக்குகிறான். தைரியம், நட்பு, அன்பு, அறிவு என்று எட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்றாக, தேடித் தேடி அலைந்து சேர்த்த சின்னங்கள். பிறகு அவர்களையே வெறும் தரவாகக் கரைத்துவிடுகிறான். உடம்பில்லாத அந்த வெளியில், சின்னத்தின் சக்தி சின்னத்தில் இல்லை, ஆரம்பத்திலிருந்தே தங்களுக்குள்தான் இருந்தது என்று பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். எட்டு மார்பிலும் வெளிச்சம். எட்டுத் துணைகளும் உச்ச உருவெடுத்துத் திரும்புகின்றன. நகங்கள் நொறுங்குகின்றன. தோற்றது தெரிந்ததும் அவன் தன்னையே வெடித்து இரண்டு உலகத்தையும் கூட அழைத்துப் போகப் பார்க்கிறான். எட்டுப் பேர் கையிலிருந்த கருவிகளும் அந்த வெடிப்பைச் சுற்றி ஒளியால் ஒரு பெட்டி கட்டி அடைக்கின்றன. வெடிப்பு அதற்குள்ளேயே முடிகிறது.

ஆயா கேட்டாள், "முடிஞ்சுதா? என்ன ஆனான்?"

"வெடிச்சுட்டான் ஆயா."

"மயிலாகலையா?"

இல்லை என்றேன். "அட பாவமே" என்றாள். எனக்கு அது ஏன் பாவம் என்று புரியவில்லை. பிள்ளைகளும் துணைகளும் பிரியும் காட்சியைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. டிஸ்க்கை லுங்கியில் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு நானும் அமாவும் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினோம்.

போன வருஷம் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். இப்போது போனில், நான் படிக்கத் தெரிந்த எழுத்தோடு. கரண்ட் இப்போதும் போகிறது. ஆனால் போனுக்குச் சார்ஜ் இருந்தால் கதை நிற்பதில்லை. 53ஆவது எபிசோடு வந்தது. அந்தப் பேச்சை இருபது வருஷம் கழித்து முதல் தடவையாகக் கேட்டேன்.

அவன் தனி ஆள் இல்லை. பரிணாமத்தின் வழியில் தேறாமல் அழிந்துபோன டிஜிமோன்களின் துயரமும் ஆத்திரமும் திரண்டு உருவானவன். அவன் கேட்பது இதுதான். நாங்கள் குளிரில் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கையில் நீங்கள் ஏன் வெளிச்சத்தில் சிரித்து வாழ்கிறீர்கள்? எங்களுக்கும் கண்ணீர் உண்டு, உணர்ச்சி உண்டு, நாங்கள் மட்டும் எதற்காக இருட்டுக்குள் புதைய வேண்டும்? சிரிக்கிறான், அழுகிறான், மறுபடி சிரிக்கிறான். இந்த உலகத்தைப் பிடித்து எங்களுக்கென்று ஓர் இடத்தை நிலைநாட்டுவோம் என்கிறான். வெளிச்சம் உள்ள இடத்துக்கெல்லாம் சாபம் விடுகிறான்.

நான் போனை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

இந்தத் தொடர் பிறந்தது ஒரு விளையாட்டுச் சாமானிலிருந்து. 1997இல் பண்டாய் கம்பெனி கொண்டுவந்த, உள்ளங்கையில் அடங்கும் சின்ன டிஜிமோன் கருவி. உள்ளே ஒரு முட்டை. பொரித்த குஞ்சுக்கு நேரத்துக்குத் தீனி கொடுத்து, கழிவைச் சுத்தம் செய்து, பயிற்சி கொடுத்தால் நல்ல உருவாக வளரும். கவனிக்காமல் விட்டால் நத்தை மாதிரி ஒரு நுமேமோனாகும். இன்னும் விட்டால் செத்துப்போகும். புது முட்டையோடு மறுபடி தொடங்கலாம். ஆக, பள்ளிப் பைகளிலும் மேஜை இழுப்பறைகளிலும் மறந்துபோய்ச் செத்த டிஜிமோன்கள் நிஜமாகவே இருந்தன. எழுதியவர்கள் அதை நினைத்துத்தான் அப்போகாலிமோனைப் படைத்தார்களா என்று எனக்குச் சொல்ல வழியில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்து, நீ வளர்க்காமல் விட்டவன் நான்தான் என்று ஒருவன் பேசுகிறான். சாமான் விற்கும் ஒரு தொடருக்குள் இப்படி ஒரு குரலை நுழைத்தவர்களுக்கு நான் மனசாரக் கைகூப்புகிறேன்.

ஆனால் அவன் கேட்ட கேள்விக்குக் கதையில் பதில் இல்லை. பிள்ளைகள் ஒரு கணம் திகைக்கிறார்கள். அடுத்த கணம் நகம் பாய்கிறது, சண்டை வந்துவிடுகிறது. அவனைத் தடுத்தது சரிதான். இரண்டு உலகத்தையும் அழிக்க வந்தவன், வேறு வழியில்லை. சின்னம் உள்ளே இருக்கிறது என்று பிள்ளைகள் உணரும் இடம் இன்றைக்கும் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. என் குறை அந்தப் பெட்டியில்தான். இடம் வேண்டும் என்று கேட்டவனுக்குக் கடைசியில் கிடைத்தது வெடித்து முடிய ஒரு பெட்டி. டெவிமோனோடு போன ஏஞ்சமோனுக்கு முட்டை உண்டு. எல்லாம் முடிந்தபின் அந்த உலகம் புதிதாகப் பிறக்கிறது, தொடக்க ஊரில் முட்டைகள் கிடக்கின்றன. தேறாமல் போனவர்களில் யாராவது அந்த முட்டைகளுக்குள் இருக்கிறார்களா? நான் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கதை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சூரனும் ஒன்றும் நல்லவன் இல்லை. தேவர்களைச் சிறை வைத்தவன், முருகனின் விசுவரூபத்தைப் பார்த்தபின்னும் மறுபடி அகங்காரம் தலைக்கேறியவன். அவனுக்கே வாகனமாக ஓர் இடம், கொடியாக ஓர் இடம். ஆயா "மயிலாகலையா" என்று கேட்டது கதை தெரியாமல் கேட்டதில்லை. வில்லன் கதை என்றால் கடைசியில் அவனை எங்கே வைப்பது என்ற கேள்வி அவளுக்கு இயல்பாகவே வந்துவிடும்.

அவளுக்கு அது வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். 1963, 64இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, 64 மேயில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனபோது, இங்கிருந்த நம்மவர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். ஆயாவின் அக்கா மதராஸ் கப்பலில் ஏறினாள். கையில் ஒரு தகரப் பெட்டி. ஆயா இங்கேயே இருந்துவிட்டாள். அங்கே போன அக்கா 'பர்மாக்காரி' ஆனாள், இங்கே இருந்த ஆயா கடைசிவரைக்கும் 'கலா'தான். இந்தியக்காரர்களைப் பர்மியர் அப்படித்தான் சொல்வார்கள். அனவ்ரத்தா சாலையை ஆயா சாகும்வரை பிரேசர் தெரு என்றும், ஷ்வே போன் தா தெருவை மொகல் தெரு என்றும்தான் சொன்னாள். யாராவது திருத்தினால், "எனக்குத் தெரிஞ்ச பேரு அதுதான்" என்பாள். இதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. 2015இல் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பேச்சை அவளுக்குத் தமிழில் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

அமா இப்போது தைவானில் இருக்கிறாள். குழந்தை பிறந்தது, வீடு மாறியது என்று எப்போதாவது செய்தி வரும். தொடரை மறுபடி பார்த்து முடித்த அன்று இரவு அவளுக்கு எழுதினேன். கடைசி டிஸ்க் ஞாபகம் இருக்கா, கரண்ட் போச்சே, அவன் பேச்சை ஓட்டிவிட்டோமே, அதில் என்ன சொன்னான் என்று இப்போதுதான் பார்த்தேன் என்று நீளமாக எழுதினேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. பர்மிய மொழியில்தான், நாங்கள் இன்னும் அதில்தான் எழுதிக்கொள்கிறோம். கரண்ட் போவதற்கு முன்னால் இரண்டு வரி திரையில் வந்ததாம். அவள் படித்துவிட்டாளாம். 1967 கலவரத்தில் அவளுடைய தாத்தாவின் கடையை அடித்து நொறுக்கியிருந்தார்கள். அந்த வருஷம் ரங்கூனில் சீனர்கள் பட்ட பாட்டை அவள் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசியதில்லை. தாத்தா மட்டும் தூக்கத்தில் பேசுவாராம். அந்த இரண்டு வரியும் கிட்டத்தட்ட அவர் தூக்கத்தில் சொல்லும் வார்த்தைகளாம்.

"உன் ஆயா பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. நான் சொன்னா நீ அவங்களுக்குச் சொல்லுவே. அதான் சொல்லலை. கரண்ட் வந்ததும் ஓட்டினது நான்தான், உனக்கு ஞாபகம் இல்லையா?"

எனக்கு ஞாபகம் இல்லை. பொத்தானில் இருந்தது என் விரல் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.